மேவிக் ப்ரோ: காகிள்ஸையும் டேப்லெட்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி இதுதான்: கையில் டிஜேஐயின் மேவிக் ப்ரோ டிரோன் இருக்கிறது, அதன் கேமரா படத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டும் டிஜேஐ காகிள்ஸ் இருக்கிறது, ஐபேட் மினியும் இருக்கிறது. காகிள்ஸை மாட்டிக்கொண்டால் ஐபேடைக் கழற்றிவிட வேண்டுமா? இரண்டும் சேர்ந்து ஓடுமா? ஓடினால் எதை எதற்குப் பார்ப்பது?

தாராளமாக ஓடும். ஐபேடைக் கழற்றவும் கூடாது. காகிள்ஸ் வேலை செய்யாமல் போகும் அந்த ஒரு நிமிடத்தில் உங்களிடம் மிச்சம் இருப்பது அந்த டேப்லெட் மட்டும்தான்.

இரண்டும் சேர்ந்து ஓடுவதற்குக் காரணம் படம் வரும் வழி. 2017-இல் வந்த டிஜேஐ காகிள்ஸுக்குள்ளேயே ஆக்குசிங்க் என்ற கம்பியில்லா இணைப்பு முறைக்கான ரிசீவர் இருக்கிறது. மேவிக் ப்ரோவிலிருந்து படம் கம்பி இல்லாமல் நேராகக் காகிள்ஸுக்கு வருகிறது, ரிமோட் நடுவில் இல்லை. டேப்லெட்டுக்கு வரும் பாதை வேறு: டிரோனிலிருந்து ரிமோட்டுக்கு, ரிமோட்டிலிருந்து கேபிள் வழியாக டிஜேஐ கோ 4 ஆப்புக்கு. ஒரு மேவிக் ப்ரோவோடு இரண்டு ரிமோட், இரண்டு காகிள்ஸ் வரை இணைக்கலாம். ஆப் தொங்கிப் போனாலும் காகிள்ஸில் படம் ஓடும். காகிள்ஸ் அணைந்தாலும் டேப்லெட்டில் படம் ஓடும். வேறு டிரோன், வேறு காகிள்ஸ் வாங்குவதாக இருந்தாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: இரண்டு திரைக்கும் படம் தனித்தனி வழியில் வருகிறதா, ஒன்றைத் தொங்கிக்கொண்டு இன்னொன்று வருகிறதா?

டிஜேஐயின் இன்னொரு டிரோனான பேன்டம் 4 வைத்திருப்பவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதில் இருப்பது லைட்பிரிட்ஜ் என்ற வேறு இணைப்பு முறை என்பதால் காகிள்ஸுக்குக் கம்பியில்லா இணைப்பு கிடையாது. ரிமோட்டின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து காகிள்ஸுக்குக் கேபிள் போட வேண்டும். டேப்லெட்டும் அதே போர்ட்டைத்தான் கேட்கும், ஆகவே இரண்டில் ஒன்றுதான். இரண்டும் வேண்டுமானால் எச்டிஎம்ஐ மாட்யூலைத் தனியாக வாங்கி ரிமோட்டில் பொருத்தி, யூஎஸ்பியில் டேப்லெட்டையும் எச்டிஎம்ஐயில் காகிள்ஸையும் இணைக்க வேண்டும். காகிள்ஸ் பக்கம் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. அதற்கேற்ற முனை உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். பேன்டம் 4 ப்ரோ பிளஸ் ரிமோட்டில் எச்டிஎம்ஐ உள்ளேயே இருக்கிறது. பேன்டம் 4 ப்ரோ வி2.0 ஆக்குசிங்க்குக்கு மாறிவிட்டதால் அதுவும் மேவிக் ப்ரோ போலவே கம்பியில்லாமல் இணையும்.

எச்டிஎம்ஐ வழியில் போகிறவர்கள் ஆப்பில் ஒரு செட்டிங்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வீடியோ அவுட்புட் மோடு என்ற இடத்தில் 'லைவ்' (Live), 'ஆப்' (App) என்று இரண்டு இருக்கும். 'ஆப்' என்று வைத்தால் டேப்லெட் திரையில் தெரிவது அப்படியே காகிள்ஸுக்குப் போகும். மேப், மெனு எல்லாம் தெரிவதால் முதல் பார்வைக்கு அதுதான் வசதியாகத் தோன்றும். ஆனால் ஆப் தொங்கினால் காகிள்ஸும் கூடவே தொங்கும், தாமதமும் கூடும். 'லைவ்' என்று வையுங்கள். கேமரா படமும் அடிப்படை விவரங்களும் ஆப்பை நம்பாமல் ரிமோட்டிலிருந்தே போகும்.

டேப்லெட் திரையை வைஃபை வழியாகக் காகிள்ஸுக்கு மிரரிங் செய்யும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதைத் தொடவே வேண்டாம். தாமதத்தின் மேல் தாமதம் சேரும். போதாக்குறைக்கு, டிரோன் பேசிக்கொண்டிருக்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸிலேயே உங்கள் வைஃபையும் கூச்சல் போடும்.

பின்னால் வந்த காகிள்ஸ் 2 போன்ற மாடல்களில் ஏற்பாடு தலைகீழ். அங்கே காகிள்ஸ்தான் முதன்மைத் திரை. அதன் யூஎஸ்பி-சி போர்ட்டில் போனையோ டேப்லெட்டையோ கேபிளால் இணைத்து டிஜேஐ ஃப்ளை ஆப்பைத் திறந்தால் அதே படம் அங்கே தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட இது போதும். ஆனால் அந்த டேப்லெட் காகிள்ஸிடம் கடன் வாங்கிய படத்தைத்தான் காட்டுகிறது. காகிள்ஸ் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே இருண்டுவிடும். அதை மாற்றுத் திரையாக நம்பாதீர்கள்.

இனி மேவிக் ப்ரோவுக்கே வருவோம். ரிமோட்டின் கைகள் நடுவே அதிகபட்சம் 160 மில்லிமீட்டர் நீளமுள்ள போன்தான் உட்காரும். ஐபேட் மினி உட்காராது, அதற்குத் தனி பிராக்கெட் வேண்டும். பிராக்கெட் வாங்கும்போது விலையைவிட ஆன்டெனாவைக் கவனியுங்கள். ஐபேடின் முதுகு அலுமினியம். பிராக்கெட் அதை ஆன்டெனாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் டிரோனுக்கும் ரிமோட்டுக்கும் நடுவில் ஒரு தகரத்தை வைத்த மாதிரிதான். பொருத்திய பிறகு டிரோன் நிற்கப்போகும் பக்கத்திலிருந்து ரிமோட்டைப் பாருங்கள். இரண்டு ஆன்டெனாவும் முழுசாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவை ஒன்றுக்கொன்று இணையாக, தட்டையான முகம் டிரோனைப் பார்த்தபடி இருக்க வேண்டும், நுனியை டிரோனை நோக்கி நீட்டக் கூடாது. ஐபேட் மினி மாடல்கள் ஏறக்குறைய 300 கிராம் எடை. ரிமோட்டோடு சேர்த்துக் கையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு சோர்ந்து, ரிமோட்டின் குச்சியைத் தள்ளும் விரல் நடுங்கத் தொடங்கும். கழுத்துப் பட்டையில் தொங்கவிடுங்கள்.

கேபிள் விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மேவிக் ப்ரோ ரிமோட்டில் போன் இணைக்க இரண்டு இடம் உண்டு: பக்கவாட்டில் சிறு கேபிள் போகும் மைக்ரோ யூஎஸ்பி, அடியில் பெரிய யூஎஸ்பி. டேப்லெட்டை இணைக்க வேண்டியது ரிமோட்டின் அடியில் உள்ள பெரிய போர்ட்டில். அதைப் பயன்படுத்தும்போது பக்கவாட்டுச் சிறு கேபிள் வெளியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. 'ரிமோட் துண்டிக்கப்பட்டது' என்று ஆப் சொல்லிக்கொண்டே இருந்தால், ஆப்பை அழித்து மறுபடி போடுவதற்கு முன் இந்தச் சிறு கேபிள் அதன் குழியில் செருகியே கிடக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பெரிய போர்ட்டில் உள்ள கேபிளைச் சுண்டுவிரலால் லேசாக அசையுங்கள். அசைவுக்கு இணைப்பு விட்டுவிட்டு வந்தால் கேபிள் மாற்ற வேண்டியதுதான். நீளமான கேபிள் ரிமோட்டுக்குக் கீழே வளையமாகத் தொங்கி முழங்காலில் மாட்டும். 30 சென்டிமீட்டர் போதும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது, டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும்.

ஐபேட் வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடும் செல்லுலார் மாடலில்தான் உண்டு. டிரோனுக்குச் சொந்த ஜிபிஎஸ் இருப்பதால் பறப்பதற்கோ, கிளம்பிய இடத்துக்குத் திரும்புவதற்கோ தடை இல்லை. ஆனால் மேப்பில் டிரோனும், அது திரும்பி வர வேண்டிய இடமான ஹோம் பாயின்டும் தெரியும், நீங்கள் நிற்கும் இடம் தெரியாது. உங்கள் இடத்தைப் பின்தொடரும் வசதிகளும், ஹோம் பாயின்டை நீங்கள் நிற்கும் இடத்துக்கு மாற்றுவதும் நடக்காது. படகிலோ நகரும் வண்டியிலோ இருந்து பறக்கவிட நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை. வெட்டவெளியில் நெட் இருக்காது என்பதால், பறக்கும் இடத்தின் மேப்பை வீட்டிலேயே ஒருமுறை திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள், அது சேமிப்பில் தங்கும். படம் பிடிக்கும்போது டேப்லெட்டிலும் வீடியோவைச் சேமிக்கும் கேஷ் வசதியை அணைத்துவிடுங்கள். இடம் நிரம்பினால் ஆப் தள்ளாடும்.

வெயில். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் மதுரையிலோ வேலூரிலோ காலை பதினொரு மணிக்கே காற்று அந்த எல்லையைத் தாண்டிவிடும். நேர்வெயில் பட்ட கறுப்புத் திரை அதைவிட வேகமாகச் சூடேறும். முதலில் திரை தானாக மங்கும். வெளிச்சம் குறைந்துவிட்டது என்று நீங்கள் பிரைட்னஸைக் கூட்டப் பார்ப்பீர்கள், கூடாது. அதற்கும் மேல் சூடானால் வெப்பநிலை எச்சரிக்கை காட்டி ஐபேட் வேலையை நிறுத்திவிடும். பறப்பதற்கு முன் அதைக் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள், நிழல் மறைப்பு ஒன்றை மாட்டுங்கள். காற்றுப் புகாமல் மூடும் மறைப்பு வேண்டாம், அதுவே அடுப்பாகிவிடும்.

இணைக்கும் வரிசை. டிரோன், ரிமோட், காகிள்ஸ் மூன்றின் ஃபர்ம்வேரையும் (உள்ளே ஓடும் மென்பொருளையும்) முந்தின நாளே சமமாக்கிக்கொள்ளுங்கள். காகிள்ஸைக் கம்ப்யூட்டரில் டிஜேஐ அசிஸ்டன்ட் 2 மூலம் புதுப்பிக்க வேண்டும். லிங்க் ஆகவில்லை என்ற புகாரைக் கிளறிப் பார்த்தால், டிரோனைப் புதுப்பித்துவிட்டுக் காகிள்ஸை மறந்திருப்பதே அடிக்கடி காரணமாக இருக்கும். முதல் முறை மட்டும் லிங்க் செய்ய வேண்டும்: காகிள்ஸ் மெனுவில் மேவிக் ப்ரோவைத் தேர்ந்து லிங்க் கொடுத்து, டிரோனின் பக்கவாட்டில் உள்ள சிறு லிங்க் பொத்தானை அழுத்துங்கள். ரிமோட் ஏற்கெனவே இணைந்திருப்பது கலையாது. காகிள்ஸ் பேட்டரி 9440 மில்லிஆம்ப்-அவர், தலைப்பட்டைக்குள் இருக்கிறது. முழு சார்ஜில் 6 மணி நேரம் வரை என்பது கணக்கு. அதனால் களத்தில் முதலில் தீர்வது பெரும்பாலும் ரிமோட்டோ டேப்லெட்டோதான்.

களத்தில் ரிமோட், பிறகு டிரோன், பிறகு டேப்லெட்டில் ஆப். ஹோம் பாயின்ட் பதிவானது என்று ஆப் சொல்லும்வரை காகிள்ஸைத் தலையில் ஏற்றாதீர்கள். திரும்பி வரும் உயரத்தை அந்த இடத்தைப் பார்த்து வையுங்கள். சுற்றிலும் உயரமானது 25 மீட்டர் தென்னை என்றால் 40 மீட்டர் போதும். செல்போன் டவர் இருந்தால் அதற்கு மேல் ஒரு பத்துப் பதினைந்து மீட்டர். பேட்டரி எச்சரிக்கையை 30 சதவீதத்தில் வையுங்கள். காகிள்ஸ் மாட்டியவருக்கு நேரம் போவது தெரியாது. இவற்றைக் காகிள்ஸ் மெனுவில் விரலைத் தேய்த்துத் தேய்த்துச் செய்வதைவிட டேப்லெட்டில் செய்வது சுலபம், தெளிவு. எந்தத் திரையிலிருந்து கேமரா செட்டிங் மாற்றுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டிலும் தொட்டால் ஒன்று வைத்ததை மற்றது மாற்றிவிடும்.

காகிள்ஸை முகத்துக்குப் பொருத்துவதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எங்காவது சிறு எழுத்து தெரியும்படி மெனுவைத் திறந்துகொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணுக்கு ஓரத்து எழுத்து மங்கினால் லென்ஸ் இடைவெளிக் குமிழை மெல்லத் திருகி, நடுவும் ஓரமும் ஒரே அளவு தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அடுத்த கண். இரண்டையும் திறந்தால் எழுத்து இரட்டையாகத் தெரியக் கூடாது. லேசான இரட்டைதானே என்று விட்டால் கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி வரும். முதல் மாடல் காகிள்ஸில் மூக்குக்கண்ணாடியோடு மாட்டலாம், ஃபிரேம் அகலமாக இருந்தால் மட்டும் இடிக்கும். காகிள்ஸ் 2-இல் மூக்குக்கண்ணாடிக்கு இடமில்லை. அதிலேயே மைனஸ் 8 முதல் பிளஸ் 2 வரை பவர் திருகிக்கொள்ளலாம்.

இனி, பறக்கும்போது எதை எதில் பார்ப்பது. காகிள்ஸ் ஃபிரேமுக்கு, அதாவது படத்தில் எது எங்கே வருகிறது என்று பார்க்க. வெயிலில் டேப்லெட்டில் தெரியாத நிழலும் ஃபோகஸும் அதில் தெரியும். டேப்லெட் மேப்புக்கு: டிரோன் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது, ஹோம் பாயின்ட் எங்கே, எவ்வளவு தூரம். காகிள்ஸ் மாட்டியவர் முதலில் இழப்பது திசையைத்தான். டேப்லெட்டைப் பார்க்க வேண்டுமானால் குச்சிகளை விட்டு டிரோனை நிறுத்துங்கள், பிறகு காகிள்ஸின் முன்பகுதியை மேலே தூக்குங்கள். இருட்டிலிருந்து வெயிலுக்கு வரும் கண்ணுக்கு டேப்லெட் திரை சில நொடிகள் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். அந்த நொடிகளில் டிரோன் நகரக் கூடாது.

தலை அசைவால் கேமராவைத் திருப்பும் ஹெட் டிராக்கிங்கைப் பயன்படுத்துகிறவர்கள், டேப்லெட்டைப் பார்க்கக் குனிவதற்கு முன் அதை அணையுங்கள். இல்லையென்றால் நீங்கள் குனியக் கேமராவும் குனியும், பறக்கும் மோடில் இருந்தால் தலை திரும்பும் பக்கம் டிரோனும் திரும்பும்.

பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். அவர் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு 'பார்த்துக்கோ' என்பதுதான் பரவலான பழக்கம், அது தவறு. டேப்லெட்டைப் பார்ப்பவர் வானத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவரின் வேலை வெறுங்கண்ணால் டிரோனையும் அதைச் சுற்றியுள்ள வானத்தையும் பார்ப்பது: பருந்து, மின்கம்பி, பட்டம், ஹெலிகாப்டர். அமெரிக்காவின் பகுதி 107 விதியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 விதியும் காகிள்ஸோடு பறப்பவர் அருகில் இப்படி ஒரு பார்வையாளரை எதிர்பார்க்கின்றன. இந்தியாவில் பறப்பவர்கள் கிளம்பும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை டிரோன் மேப்பில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான். பக்கத்தில் நிற்பவரோடு நான்கு சொல் முன்கூட்டியே பேசி வையுங்கள்: நில், ஏறு, இறங்கு, திரும்பு. இடது வலது வேண்டாம். டிரோன் உங்களைப் பார்த்து நின்றால் அவருடைய இடது காகிள்ஸுக்குள் வலதாகிவிடும்.

தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். டேப்லெட் வழியாக மேவிக் ப்ரோவுக்கு டிஜேஐ குறிப்பிடும் தாமதம் 160 முதல் 170 மில்லிசெகண்ட், டேப்லெட்டைப் பொறுத்து மாறும். ஸ்போர்ட் மோடில் நொடிக்கு 18 மீட்டர் போகும் டிரோன் அந்த நேரத்தில் 3 மீட்டர் தாண்டிவிடும். திரையில் கிளை 3 மீட்டர் தள்ளித் தெரியும்போது டிரோன் அதில் இடித்துவிட்டது என்று அர்த்தம். ஸ்போர்ட் மோடில் தடை உணரியும் வேலை செய்யாது. நொடிக்கு 5 மீட்டரில் போனால் இதே தாமதத்துக்கு 80 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். மரங்களுக்கு அருகே அந்த வேகம்தான் சரி.

காகிள்ஸில் படம் உறைந்தால் பதற வேண்டாம். குச்சிகளை விடுங்கள், ஜிபிஎஸ் இருந்தால் டிரோன் அங்கேயே நிற்கும். காகிள்ஸைத் தூக்கி டேப்லெட்டைப் பாருங்கள். அதில் படம் ஓடினால் டிரோனுக்கோ ரிமோட்டுக்கோ ஒன்றும் இல்லை, பெரும்பாலும் நீங்கள் டிரோனுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருப்பீர்கள். காகிள்ஸ் நேராகச் சிக்னல் வாங்குவதால் நடுவில் உங்கள் தலையே தடை. திரும்பி நின்றால் படம் வந்துவிடும். மாறாக, டேப்லெட்டில் படம் மட்டும் கறுத்து, உயரமும் தூரமும் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, ஆப் படத்தை விரிக்கத் திணறுகிறது. பின்னணியில் ஓடும் மற்ற ஆப்களை மூடி மறுபடி திறங்கள். ஆண்ட்ராய்டில் ஹார்ட்வேர் டிகோடிங் செட்டிங்கை மாற்றிப் பாருங்கள். இரண்டு திரையும் போய்விட்டால் ரிமோட்டில் உள்ள ரிட்டர்ன் டு ஹோம் பொத்தானை அழுத்துங்கள். ரிமோட் சிக்னலே அறுந்திருந்தாலும், 3 நொடிக்கு மேல் சிக்னல் இல்லையென்றால் டிரோன் தானே திரும்பக் கிளம்பும். வைத்த உயரம் சரியாக இருந்தால் வந்து சேரும்.

கடைசியாக, தரையிறங்கிய பிறகு. காகிள்ஸைக் கழற்றி டிக்கியின் மேலோ மேசையிலோ லென்ஸ் மேலே பார்க்க வைப்பவர்கள் ஏராளம். அந்த லென்ஸ் இரண்டும் பூதக்கண்ணாடிகள். சிறுவயதில் காகிதத்தைக் கருக்கிய அதே வேலையை வெயில் உள்ளே உள்ள திரையில் செய்யும், சில நொடிகள் போதும். மறுமுறை மாட்டும்போது படத்தின் நடுவே மிளகளவு மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஒரு பொட்டு நிற்கும். துடைத்தால் போகாது, ஃபர்ம்வேராலும் போகாது, திரையையே மாற்ற வேண்டும். கழற்றிய கையோடு லென்ஸைக் கவிழ்த்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு டிரோனை எடுக்கப் போங்கள்.